ஸ்கோப்டை சிங்கிள்டன் ஆக்குவதற்கு முன்

ஒருவர் லாகினில் இன்னொருவர் பில் தெரிகிறது என்று புகார் வந்தால் டெவலப்பர்கள் முதலில் பிரவுசர் கேஷைச் சந்தேகப்படுவார்கள். அடுத்தது குக்கி, அதற்கப்புறம் டேட்டாபேஸ் குவெரி. சர்வீஸ்களை, அதாவது ஆப்பின் மற்ற பகுதிகள் கேட்டு வாங்கும் ஆப்ஜெக்ட்டுகளை, எது எத்தனை காலம் வாழும் என்று சொல்லிப் பதிவு செய்யும் புரோகிராம் ஃபைலை யாரும் கடைசிவரை திறப்பதில்லை. நான் இப்போதெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

மணலி, மாதவரம், திருவொற்றியூர் பக்கம் சிஎஃப்எஸ் யார்டுகள் (கப்பல் பெட்டிகளை வைத்து எடுக்கும் கிடங்குகள்), டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள், கஸ்டம்ஸ் ஏஜென்ட்கள் என்று பலர் இரண்டு மூன்று பிள்ளைகளை வேலைக்கு வைத்துத் தங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேரை எழுதிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ஏஎஸ்பி டாட்நெட் கோர்தான். அவர்கள் எழுதிய புரோகிராமை ரிவியூ செய்து கொடுப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்கு ஒரு குணம் உண்டு: மதியம் வரை ஈயாடும், கப்பலிலிருந்து பெட்டிகள் இறங்க ஆரம்பித்தால் எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை கட்டிவிடும். எல்லா கேட்டிலும் ஒரே நேரத்தில் பாஸ் போடுவார்கள். ஒற்றை ஆளாக லேப்டாப்பில் சோதித்துப் பார்த்தபோது ஒளிந்துகொண்டிருந்த பிழைகள் அப்போதுதான் வெளியே வரும்.

ஒரு யார்டில் வந்த சிக்கல் இது. கேட் பாஸ் பிரின்ட் ஆகும்போது எப்போதாவது ஒன்றில் வேறு இறக்குமதியாளரின் பெயரும், அவருக்கான வாடகை ரேட்டும் விழுந்தன. டிரைவர் மொபைல் நம்பர்கூட மாறி வந்தது. ரீஸ்டார்ட் செய்தாலும் கூட்ட நேரத்தில் மறுபடி வரும்.

கோடில் இருந்தது இரண்டே கிளாஸ். ஒன்று, இந்த ரெக்வெஸ்ட்டை அனுப்பியவர் யார், எந்த வாடிக்கையாளர், எந்த கேட் என்று வைத்திருக்கும் யூசர்கான்டெக்ஸ்ட். ஒவ்வொரு ரெக்வெஸ்ட் தொடங்கும்போதும், அது முதலில் கடந்துவரும் மிடில்வேர் அதை நிரப்பும். இன்னொன்று, வாடகை ரேட்டுகளை மெமரியில் வைத்துக்கொள்ளும் டாரிஃப்கேஷ். முதலாவது ஸ்கோப்டு, அதாவது ரெக்வெஸ்ட்டுக்கு ஒன்று. இரண்டாவது சிங்கிள்டன், ஆப் ஓடும்வரை ஒன்றே ஒன்று. அதுவரை பழுதில்லை. பிறகு வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் ரேட் மாறும் என்றானது. உடனே டாரிஃப்கேஷின் கன்ஸ்ட்ரக்டரில் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) யூசர்கான்டெக்ஸ்ட்டைச் சேர்த்திருக்கிறார்கள். சிங்கிள்டனுக்குள் ஸ்கோப்டு சர்வீஸைக் கொடுக்க முடியாது என்று ஃப்ரேம்வொர்க் ஸ்டார்ட் ஆகும்போதே கத்தியிருக்கிறது.

"அப்புறம் என்னம்மா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"யூசர்கான்டெக்ஸ்ட்டையும் சிங்கிள்டன்னு மாத்திட்டோம் சார். எரர் போயிடுச்சு."

எரர் போனது உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து அத்தனை கேட்டுக்கும் ஒரே யூசர்கான்டெக்ஸ்ட். முதல் கேட்டின் மிடில்வேர் ஒரு வாடிக்கையாளர் எண்ணை எழுதும். டேட்டாபேஸிலிருந்து பதில் வருவதற்காக அந்த ரெக்வெஸ்ட் காத்திருக்கும் இடைவெளியில் மூன்றாவது கேட் அதே ஆப்ஜெக்ட்டில் வேறு எண்ணை எழுதிவிடும். முதல் ரெக்வெஸ்ட் திரும்பி வந்து படிக்கும்போது இருப்பது மூன்றாவது கேட்டின் ஆள்.

அந்த எரரை எழுப்பியது வேலிடேட்ஸ்கோப்ஸ் என்ற சோதனை. அது இல்லாவிட்டால் நடப்பதும் இதே மாதிரி விபத்துதான். சிங்கிள்டன் தான் பிறந்தபோது கிடைத்த ஸ்கோப்டு ஆப்ஜெக்ட்டைக் கடைசிவரை பிடித்துக்கொள்ளும், ஒரு நாள் பாஸைக் காட்டி வருஷம் முழுக்க யார்டுக்குள் வந்துபோகிற ஆள் மாதிரி. இதற்கு 'கேப்டிவ் டிபென்டன்சி' என்று பெயர் வைத்தவர் டாட்நெட் பற்றிப் புத்தகம் எழுதிய மார்க் சீமன். நீங்கள் ஸ்கோப்டு என்று பதிவு செய்திருக்கலாம். ஆனால் ஒரு ஆப்ஜெக்ட் எத்தனை காலம் வாழும் என்பதை, அதைக் கையில் வைத்திருப்பவரின் ஆயுள்தான் தீர்மானிக்கிறது. கேட்கும்போதெல்லாம் புதிதாகக் கிடைக்க வேண்டிய டிரான்சியன்ட்டுக்கும் இதே கதிதான். சிங்கிள்டன் கையில் மாட்டினால் அதுவும் சிங்கிள்டனே. அதைப் பற்றி வேலிடேட்ஸ்கோப்ஸ் வாயே திறக்காது.

சரியான திருத்தம் சின்னது. டாரிஃப்கேஷ் சிங்கிள்டனாகவே இருக்கட்டும்; கன்ஸ்ட்ரக்டரில் ஆளை வாங்க வேண்டாம், ரேட் கேட்கும் மெத்தடில் வாடிக்கையாளர் எண்ணை வாங்கிக்கொள்ளட்டும். யூசர்கான்டெக்ஸ்ட் மறுபடி ஸ்கோப்டு. லைஃப்டைம் எரர் வந்தால் பதிவு வரியை மாற்றத்தான் கை போகும். பெரும்பாலும் மாற்ற வேண்டியது மெத்தட் சிக்னேச்சர், அதாவது மெத்தட் எதையெல்லாம் வாங்குகிறது என்பது. "நம்ம ஹெச்டிடிபிகான்டெக்ஸ்ட் அக்சஸரை மட்டும் சிங்கிள்டனுக்குள்ள வெச்சுக்கலாமே" என்று கேட்பார்கள். வைக்கலாம். அந்த அக்சஸர் ஓடுகிற ரெக்வெஸ்ட்டை அந்தந்த நேரத்தில் தேடிக் கொடுக்கும். அதிலிருந்து எடுத்த கான்டெக்ஸ்ட்டை ஒரு ஃபீல்டில் போட்டு வைத்தால் பழைய கதைதான்.

இந்த வேலிடேட்ஸ்கோப்ஸும், ஆப் ஸ்டார்ட் ஆகும்போதே பதிவுகளைச் சரிபார்க்கும் அதன் ஜோடியான வேலிடேட்ஆன்பில்டும் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்டில் மட்டும்தான் தானாக ஆன் ஆகும். என்விரான்மென்ட் வேரியபிளை வைக்காவிட்டால் ஃப்ரேம்வொர்க் புரொடக்‌ஷன் என்றே எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் சர்வரில் அதை வைக்காமல் விட்ட இடங்கள் நிறைய. அங்கே காவல் இல்லை என்பதே யாருக்கும் தெரியாது. யூஸ்டிஃபால்ட்சர்வீஸ்புரொவைடர் என்ற மெத்தடில் இரண்டையும் எல்லா இடத்துக்கும் ஆன் செய்துவிடலாம். வேகம் குறையும் என்பார்கள். ஒரு நாளைக்குச் சில ஆயிரம் பாஸ் போடும் ஆப்பில் அந்தக் கணக்கை நான் பொருட்படுத்துவதில்லை.

ஆன் செய்தாலும் ஓட்டைகள் உண்டு. லாம்டா (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்) எழுதிப் பதிவு செய்தால் அதற்குள் என்ன நடக்கிறது என்று பில்ட் நேரத்தில் கன்டெய்னருக்குத் தெரியாது; கன்டெய்னர் என்றால் இங்கே கப்பல் பெட்டி இல்லை, பதிவானவற்றை உருவாக்கிக் கொடுக்கும் ஃப்ரேம்வொர்க்கின் பகுதி. எந்த டைப் என்று பிறகு முடிவாகும் ஓபன் ஜெனரிக் பதிவுகளும் அப்படியே. ரெக்வெஸ்ட்டை வாங்கிப் பதில் தரும் கன்ட்ரோலர்களே வழக்கமாக கன்டெய்னரில் பதிவாவதில்லை. ஆட்கன்ட்ரோலர்ஸ்ஆஸ்சர்வீசஸ் போட்டால்தான் அவற்றின் கன்ஸ்ட்ரக்டர்களும் சோதனைக்குள் வரும். எல்லாவற்றுக்கும் மேலே, மேலே சொன்ன யார்டைப் போல எல்லாமே சிங்கிள்டன் என்று பதிவு செய்துவிட்டால் விதிப்படி எந்தத் தவறும் இல்லை. எந்தச் சோதனையும் பிடிக்காது. அதற்கு ஒரே வழி, இரண்டு வேறு வாடிக்கையாளர்களின் ரெக்வெஸ்ட்டை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, அவரவருக்கு அவரவர் பெயர் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். டெஸ்ட்டுக்காக ஆப்பை ஓட்டிக் கொடுக்கும் வெப்அப்ளிகேஷன்ஃபேக்டரியில் எழுதினால் அது டெவலப்மென்ட்டில்தான் ஸ்டார்ட் ஆகும் என்பதால் மற்ற இரண்டு சோதனையும் கூடவே நடந்துவிடும்.

யார்டு முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. டிரைவரின் மொபைல் நம்பர் தவறுதலாக வேறொருவர் பாஸில் விழுவது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்லும் தரவு மீறலில் அடங்கும். பாதுகாப்பு ஏற்பாடு போதவில்லை என்று முடிவானால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். "சின்ன பக் சார், ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும்" என்று டீம் சொன்னால் அத்தோடு விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, பின்னணி வேலைகள். ராத்திரி ரிப்போர்ட் அனுப்பும் பேக்ரவுண்ட்சர்வீஸ் ஒரு சிங்கிள்டன். அதற்குள் டேட்டாபேஸோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் வேண்டும்; அது ஸ்கோப்டு. சர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரியை வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஸ்கோப் திறந்து, வேலை முடிந்ததும் மூட வேண்டும். அப்படிச் செய்யாமல் ரூட் புரொவைடரிடம் (ஆப் முழுவதற்குமான கன்டெய்னர்) டிஸ்போஸபிள் டிரான்சியன்ட்டுகளை, அதாவது வேலை முடிந்ததும் மூட வேண்டியவற்றை, கேட்டுக்கொண்டே இருந்தால், ஆப் நிற்கும்வரை கன்டெய்னர் அவற்றை விடாது. மெமரி ஏறிக்கொண்டே போகும். வாரா வாரம் விண்டோஸ் வெப் சர்வரான ஐஐஎஸ்ஸை ரீசைக்கிள் செய்து சமாளிக்கும் ஆபீஸ்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு பதிவு இருந்தால் கடைசியாகப் பதிந்ததே கிடைக்கும். எஸ்எம்எஸ் அனுப்ப நீங்கள் எழுதிய கிளாஸுக்குக் கீழே, ஏதோ ஒரு பேக்கேஜின் எக்ஸ்டென்ஷன் மெத்தட் தன்னுடையதைப் பதிந்துவிட்டால் உங்களுடையது சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். பேக்கேஜ் எழுதுபவர்கள் ட்ரைஆட் பயன்படுத்துவது மரியாதை; அப்போது ஏற்கெனவே உள்ள பதிவின் மேல் அது கை வைக்காது. இரண்டும் வேண்டும், எது எப்போது என்று நாமே சொல்ல வேண்டும் என்றால் டாட்நெட் 8 முதல் கீடு சர்வீஸ் இருக்கிறது. கேட்டுக்கு எஸ்எம்எஸ், ஏஜென்ட்டுக்கு ஈமெயில் என்று சாவி வைத்துப் பதியலாம். கன்ஸ்ட்ரக்டரில் சாவியைச் சொல்லி வாங்கலாம். அதற்கு முன்பு இதற்காகவே ஆளாளுக்கு ஒரு ஃபேக்டரி எழுதிக்கொண்டிருந்தோம்.

வேறு ஃப்ரேம்வொர்க் பிள்ளைகளும் இதைப் படிப்பீர்கள். ஜாவாவின் ஸ்பிரிங்கில் எதுவும் சொல்லாவிட்டால் சிங்கிள்டன்; அதற்குள் கேட்கும்போதெல்லாம் புதிதாகப் பிறக்கும் புரோட்டோடைப் பீனைச் சேர்த்தால் மேலே சொன்ன டிரான்சியன்ட் கதையேதான். நெஸ்ட்ஜேஎஸ் எதிர்ப்பக்கமாகப் போகிறது: ரெக்வெஸ்ட் ஸ்கோப் உள்ள ஒன்றைச் சேர்த்தால் அதைக் கேட்டவரும் ரெக்வெஸ்ட் ஸ்கோப் ஆகிவிடுவார். கசிவு இல்லை, ஆனால் ரெக்வெஸ்ட்டுக்கு ரெக்வெஸ்ட் ஒரு சங்கிலியே புதிதாகப் பிறக்கும். லாரவெலில் வழக்கமான பிஹெச்பி முறையில் ரெக்வெஸ்ட் முடிந்ததும் எல்லாம் செத்துவிடுவதால் இந்தத் தலைவலி தெரியாது. லாரவெலின் ஆக்டேனுக்கு மாறினால் ஆப் மெமரியிலேயே உயிரோடு இருக்கும், ஆப் தொடங்கும்போதே உருவான சிங்கிள்டன்களும் அடுத்த ரெக்வெஸ்ட்டுக்குத் தொடரும். மாறுவதற்கு முன் சிங்கிள்டன் என்று பதிந்த ஒவ்வொரு வரியையும் திறந்து, லாகின் ஆனவரைப் பற்றி ஏதாவது வைத்திருக்கிறதா என்று பாருங்கள். வைத்திருந்தால் அங்கே ஸ்கோப்டு என்ற மெத்தட் இருக்கிறது, அதற்கு மாற்றிவிடுங்கள்.