ஊசி வேலை செய்யும்போது ஐஜிஇ ஏன் ஏறுகிறது?

கடுமையான ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கு ஒமாலிசுமாப் ஊசி போட்டுக்கொள்பவர்களை ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பயமுறுத்திவிடுகிறது. ஊசிக்கு முன் 300 இருந்த மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்புப் புரதம்), சில மாதத்தில் 1,000-ஐத் தாண்டி நிற்கும். மூச்சு என்னவோ சீராகத்தான் இருக்கும். அப்படியானால் மருந்து பலிக்கவில்லையா?

பலிக்கிறது. ஐஜிஇ மாஸ்ட் செல் என்ற நோயெதிர்ப்பு அணுவில் ஒட்டிக்கொண்டு, தூசியோ மகரந்தமோ பட்டதும் ஒவ்வாமை உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டவைக்கும் என்பது தெரிந்த கதை. ஐஜிஇயின் எந்தப் பகுதி மாஸ்ட் செல்லைப் பற்றுமோ, அதை ஒமாலிசுமாப் மூடிவிடுகிறது. ரத்தத்தில் தனியாகத் திரியும் ஐஜிஇ ஏறக்குறைய இரண்டே நாளில் பாதியாகிவிடும். மருந்து பற்றிக்கொண்ட ஐஜிஇயோ எளிதில் வெளியேறாது. உற்பத்தி நிற்கவில்லை, வடிகால் மட்டும் அடைத்துக்கொண்டது. தொட்டி நிரம்பத்தானே செய்யும்! லேப் கருவி இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. தீங்கு செய்யக்கூடிய தனி ஐஜிஇ அதே வேளையில் 95 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருக்கும்.

ஊசியை நிறுத்தினாலும் ஓராண்டு வரை மொத்த அளவு உயர்ந்தே இருக்கலாம். அதனால்தான் முதல் ஊசிக்கு முன் எடுத்த எண்ணையும் உடல் எடையையும் வைத்தே டோஸ் போடுகிறார்கள். தனி ஐஜிஇயை மட்டும் அளக்கும் சோதனை சாதாரண லேப்களில் கிடைப்பதில்லை. இன்னொரு புது மருந்துக்குக் கொட்டும் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு இதற்கும் போக வேண்டும்.

மற்ற ஊசிகளுக்குக் கணக்கு வேறு. பென்ராலிசுமாப், ஈசினோஃபில் என்ற வெள்ளையணுவைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக்கும். அது மருந்து போய்ச் சேர்ந்ததைக் காட்டுமே தவிர, ஆஸ்துமா அடங்கியதைக் காட்டாது. டுபிலுமாப் போட்டால் ஈசினோஃபில் சில காலம் ஏறுவதுண்டு: ரத்தக் குழாயை விட்டு நுரையீரலுக்குள் நுழையும் வழி அடைபடுவதால் அவை ரத்தத்திலேயே தேங்குகின்றன. ஆனால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-ஐத் தாண்டி, கூடவே தோல் தடிப்போ கைகால் மரப்போ வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டுபிலுமாப்புக்கு நம்பகமான அளவு மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு. அதைத் தூண்டும் ஐஎல்-13 என்ற அழற்சிப் புரதத்தின் சமிக்ஞையையே மருந்து தடுப்பதால் எண் சில வாரங்களிலேயே இறங்கும். பெரியவர்களுக்கு 25 பிபிபிக்குக் (நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவு) கீழ் குறைவு, 50-க்கு மேல் அதிகம். நொடிக்கு 50 மில்லிலிட்டர் வேகத்தில் 10 விநாடி சீராக ஊத வேண்டும். நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரிக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். புகைபிடித்தால் எண் பொய்யாகக் குறையும். ஸ்டீராய்டு இன்ஹேலரை விட்டுவிட்டால் ஏறும்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் நாட்களில் ஈசினோஃபிலும் அமுங்கிவிடும். எந்த ஊசி என்று முடிவுசெய்யும்போது, மாத்திரைக்கு முந்தைய பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.