பேண்ட் பிளான்: திட்டமா, பங்கீடா?

பொழுதுபோக்காக உரிமம் பெற்று வானொலியில் பேசிக்கொள்ளும் ஹாம் வானொலிக்குப் புதிதாக வருகிறவர்கள் இரண்டு பட்டியல்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று, உரிமத்தோடு அரசு தரும் அதிர்வெண் பட்டியல். இன்னொன்று பேண்ட் பிளான்: அந்த அதிர்வெண்களில் எதை எதற்குப் பயன்படுத்துவது என்று ஹாம்கள் தமக்குள் வகுத்துக்கொண்டது. இந்தியாவில் முதலாவதை மீறினால் குற்றம். இரண்டாவதை மீறினால் மற்ற ஹாம்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். தமிழில் இரண்டுக்கும் தெளிவான பெயர் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் பேண்ட். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். நாடா, கீற்று என்று பொருள். தமிழில் பட்டை. 2ஜி விவகாரத்தில் நாளிதழ்கள் பழக்கிவிட்ட 'அலைக்கற்றை' இங்கே உதவாது. அது ஸ்பெக்ட்ரத்துக்கு எழுந்த சொல். கற்றை என்றால் கூந்தல் கற்றை, வைக்கோல் கற்றை. அதற்கு ஓரம் ஏது? பட்டைக்கு இரண்டு ஓரம் உண்டு. ஹாமுக்கு உயிரே அந்த ஓரங்களில்தான்.

அலைநீளத்தை வைத்து 20 மீட்டர் என்று அழைக்கப்படும் பட்டையின் மேல் ஓரம் 14.350 மெகாஹெர்ட்ஸ். டயலில் 14.349 வைத்துப் பேசுகிறீர்கள். திரையைப் பார்த்தால் உள்ளேதான் இருக்கிறீர்கள். ஆனால் இந்தப் பட்டையில் வழக்கமான மேல் பக்கப்பட்டை முறையில் குரல் அந்த எண்ணிலிருந்து மேல்நோக்கி ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் பரவும். உங்கள் பேச்சில் பெரும்பகுதி 14.350ஐத் தாண்டி, அடுத்தவர் நிலத்தில் விழுந்துகொண்டிருக்கும்.

அடுத்து பிரிவிலேஜ், அதாவது உரிமக்காரர் எந்தெந்த அதிர்வெண்ணில் இயங்கலாம் என்ற அனுமதி. இலத்தீன் வேரில் 'தனியாள்', 'சட்டம்' என்ற இரண்டு சொற்கள் ஒட்டியிருக்கின்றன: தனி ஒருவருக்கான சட்டம். அமெரிக்க ஹாம்களுக்கு இது அப்படியே பொருந்தும். 40 மீட்டர் பட்டையில் 'ஜெனரல்' உரிமக்காரர் குரலில் பேச 7.175 மெகாஹெர்ட்ஸிலிருந்துதான் அனுமதி, மேல்நிலைத் தேர்வில் தேறிய 'எக்ஸ்ட்ரா' 7.125இலேயே தொடங்கலாம். இதைச் 'சலுகை' என்று மொழிபெயர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆடித் தள்ளுபடி ஞாபகம் வருகிறது. தேர்வெழுதிப் பெறுவது உரிமை. உரிமம் தருவதும் உரிமையைத்தான், ஒரே வேர். 'அதிர்வெண் உரிமை' போதும். இலங்கைத் தமிழர் 'மீடிறன் உரிமை' என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கே பாடநூல் சொல் அதுதான்.

இந்த உரிமைக்கும் மேலே இருப்பது ஒதுக்கீடு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை 3 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. 2ஆம் மண்டலமான அமெரிக்கக் கண்டங்களில் 40 மீட்டர் பட்டை 7.300 வரை நீள்கிறது. 3ஆம் மண்டலத்தில் இருக்கும் இந்தியாவுக்கு 7.000 முதல் 7.200 வரைதான், அதற்கு மேல் ஒலிபரப்பு நிலையங்களின் இடம். 7.250இல் ஓர் அமெரிக்கர் அழைப்பது சென்னையில் காதில் விழுந்தால் தாராளமாகக் கேட்கலாம். அவர் அழைத்தது சரி. நீங்கள் மைக்கை அழுத்திப் பதில் சொன்னால் சட்டமீறல்.

இனி பிளான். 'பட்டைத் திட்டம்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. திட்டம் என்றால் நமக்கு ஐந்தாண்டுத் திட்டம், சத்துணவுத் திட்டம் என்று இனி நடத்த வேண்டிய காரியம். பேண்ட் பிளான் அப்படியல்ல. வாய்க்கால் தண்ணீரை ஊர்க்காரர்கள் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வது மாதிரி. கிடைத்த பட்டையை ஹாம்கள் தமக்குள் பேசிப் பிரித்துக்கொள்கிறார்கள். 1925இல் பாரிசில் உருவான பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியத்தின் மண்டல அமைப்புகள் அதை வகுக்கின்றன. அடியில் மோர்ஸ், அதையடுத்து டிஜிட்டல், மேலே பேச்சு என்பது பொதுவான வரிசை. ஆகவே 'பட்டைப் பங்கீடு' என்பேன். ஒதுக்கீடு மேலிருந்து வருவது. பங்கீடு பங்காளிகள் செய்துகொள்வது.

14.100ஐப் பாருங்கள். இந்தியச் சட்டம் 14.000 முதல் 14.350 வரை ஒரே துண்டாகத் தருகிறது. ஆனால் பங்கீட்டின்படி 14.100இல் யாரும் பேசக் கூடாது. உலகெங்கும் 18 வழிகாட்டி நிலையங்கள் அந்த ஒரே அதிர்வெண்ணில் ஆளுக்கு 10 விநாடி முறை வைத்து ஒலிக்கின்றன. 3 நிமிடத்தில் ஒரு சுற்று. அவற்றில் ஒன்று கொழும்புக்கு உரியது. ஒவ்வொன்றும் தன் அழைப்புக்குறியை மோர்ஸில் சொல்லிவிட்டு 100, 10, 1, 0.1 வாட் எனத் திறனைக் குறைத்துக்கொண்டே நான்கு நீள் ஒலிகளை அனுப்பும். எந்த ஒலி வரை கேட்கிறது என்பதை வைத்து அன்றைக்கு வானொலி அலைகளுக்கு வானம் எந்தத் திசையில் திறந்திருக்கிறது என்று கணிப்பார்கள். பக்கத்தில் ஒருவர் 'எனக்கு உரிமை இருக்கிறதே' என்று பேச ஆரம்பித்தால், அந்த 0.1 வாட் போன இடம் தெரியாது.