இம்யூனிட்டி: வரிவிலக்கிலிருந்து வந்த சொல்

சோழர் கல்வெட்டுகளில் 'இறையிலி' என்றொரு சொல் உண்டு. இறை என்றால் வரி. கோயிலுக்கும் பிறர்க்கும் வரி நீக்கி விடப்பட்ட நிலம் இறையிலி. நோயிலிருந்து உடலைக் காக்கும் தன்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'இம்யூனிட்டி' பிறந்ததும் இப்படி ஒரு விலக்கிலிருந்துதான். லத்தீனில் 'மூனுஸ்' என்பது கடமை, சுமை. அதிலிருந்து விலக்குப் பெற்றவர் 'இம்மூனிஸ்'. ரோமானியப் படையில் கைத்தொழில் தெரிந்த வீரர்கள் கடும் உடலுழைப்புப் பணிகளிலிருந்து இப்படி விலக்குப் பெற்றார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் சொல் மருத்துவத்தில் வேரூன்றியது. பெரியம்மை ஒருமுறை கண்டு பிழைத்தவரிடம் அந்நோய் பெரும்பாலும் மீண்டும் வரி கேட்டதில்லை, பொருத்தமான பெயர்தான்.

தமிழில் என்ன சொல்வது? நாளிதழ்களில் வழங்குவது 'நோய் எதிர்ப்பு சக்தி'. எனக்கு இதில் நிறைவில்லை. எதிர்ப்பது இவ்வேலையில் ஒரு பகுதி மட்டுமே. 1882இல் இத்தாலியின் மெசினாவில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன. அயற்பொருளை விழுங்கும் அந்தச் செல்களை ஈழத்துப் பாடநூல்கள் 'தின்குழியம்' என்கின்றன. எவ்வளவு அழகான பெயர்! அது எதிர்ப்பு, சரி. ஆனால் தோல் எதிர்ப்பதில்லை, தடுக்கிறது. நினைவுச் செல்கள் பழைய கிருமியை ஆண்டுக்கணக்கில் அடையாளம் வைத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் உடலைத் தாக்காமல் விட்டுவைக்கத் தெரிய வேண்டும். அது தவறும்போது முடக்குவாதத்தில் மூட்டுகளே தாக்கப்படுகின்றன. 'சக்தி' என்றதும் அதைக் கஷாயம் குடித்துக் கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கூடினால் நன்மை என்ற கணக்கு இங்கே செல்லாது.

இலங்கைத் தமிழில் 'நிர்ப்பீடனம்'. பீடனம் என்றால் வருத்துதல், நிர்ப்பீடனம் என்றால் வருத்தம் இல்லாமை. வடசொல்தான், ஆனால் லத்தீன் சொல்லின் 'இல்லாமை'யை அப்படியே பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'நோய்த்தடைக்காப்பு' நீளமானது. ஆனாலும் தடையும் காப்பும் அதில் சேர்ந்திருப்பதால் பாடத்துக்கு அதையே ஏற்கிறேன்.

பேச்சுக்கு 'நோய்க்காப்பு' போதும் என்பது என் கருத்து. காப்பு நமக்குப் புதிதல்ல. அம்மை நோயோடு சேர்த்து வணங்கப்பட்ட மாரியம்மனுக்குத் திருவிழா தொடங்குவதே காப்புக் கட்டித்தான்.