கால்குலேட்டர் ஏன் ஒளிந்துகொள்கிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடைக்குக் கணக்கு எழுதும் வாசகர் ஒருவரின் கேள்வி: "லினக்ஸில் கணக்குத் தாளைத் தொட்டாலே கால்குலேட்டர் பின்னால் போய்விடுகிறது. எடை, கூலி என்று ஒவ்வொரு உருப்படிக்கும் அதைத் தேடி எடுக்கிறேன். வழி உண்டா?"

உண்டு. கால்குலேட்டரைச் சொடுக்கிவிட்டு, ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்துங்கள். நோம், எக்ஸ்எஃப்சிஇ என்ற மேசைச் சூழல்கள் (லினக்ஸ் திரையின் தோற்றத்தைத் தரும் நிரல்தொகுப்புகள்) இரண்டிலும் விரியும் பட்டியலில் 'ஆல்வேஸ் ஆன் டாப்' இருக்கும். உங்கள் மேசைச் சூழல் கேடிஇ என்றால் ஆல்ட், எஃப்3. பிறகு 'மோர் ஆக்‌ஷன்ஸ்', 'கீப் அபவ் அதர்ஸ்'. நோமில் அந்த வரி மங்கலாகத் தெரிந்தால், விண்டோ திரை நிறையப் பெரிதாக்கப்பட்டிருக்கிறது. சிறிதாக்கினால் வரி உயிர்பெறும்.

உள்ளே நடப்பதுதான் அழகு. விண்டோக்களை அடுக்கி வைப்பது விண்டோ மேனேஜர் என்ற நிரல். எல்லாவற்றையும் அது ஒரே வரிசையில் வைப்பதில்லை. விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11-இல் இயங்கும் மேசைகளுக்கான பொது விதிமுறை ஐந்து தளங்களைப் பரிந்துரைக்கிறது: அடியில் மேசைப் பின்னணி, அடுத்து 'கீழே இரு' என்று குறித்தவை, பிறகு சாதாரண விண்டோக்கள், அதற்கு மேல் பணிப்பட்டையும் 'மேலே இரு' என்று குறித்தவையும், உச்சியில் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் முழுத்திரை விண்டோ. சொடுக்கினால் ஒரு விண்டோ தன் தளத்துக்குள்தான் மேலே ஏறும். கணக்குத் தாளை எத்தனை முறை தொட்டாலும் அது மூன்றாம் தளத்தைத் தாண்டாது. கால்குலேட்டர் நான்காவதில் பத்திரமாக இருக்கும். ஆனால் குறிப்பேட்டையும் 'மேலே இரு' என்று குறித்தால், நான்காம் தளத்தில் அவை இரண்டும் ஒன்றையொன்று மறைக்கத் தொடங்கும். எல்லாவற்றையும் மேலே வைப்பது எதையும் வைக்காததற்குச் சமம்.

எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த புதிய முறையான வேலாண்டில் ஒரு மாற்றம். சாதாரண நிரல் தன்னைத் தானே மேலே வைக்கச் சொல்லிக் கேட்க அதன் அடிப்படை நெறிமுறையில் இடமே இல்லை. அதனால்தான் நோமில் ஃபயர்ஃபாக்ஸின் மிதக்கும் வீடியோ பின்னால் போய்விடுகிறது. அதற்கும் ஆல்ட், ஸ்பேஸ்தான். எந்த விளம்பரமும் தானாக முன்னால் வந்து நிற்க முடியாது என்பதால் இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. இத்தகைய சின்ன வழிகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும்.

கேடிஇ-யில் 'மோர் ஆக்‌ஷன்ஸ்' வழியாகவே அந்த விண்டோவுக்கு நிரந்தர விதி எழுதலாம். நோமில் மூடித் திறந்தால் குறி போய்விடும். கால்குலேட்டரை மூடாமல் சுருக்கி மட்டும் வையுங்கள்.