கைதட்டல் வாங்காத பத்தி

நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் வந்தால் தூக்கம் கெடும். வரவுப் பக்கத்துக்கும் செலவுப் பக்கத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். அதை எதைப் போட்டு மூடுவது என்று ராத்திரி பத்து மணிக்கும் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருப்போம். நான் நான்கு சிறு நகராட்சிகளில் அந்த நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளத்தை மூட எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மண் இருந்தது: சொத்து வரி நிலுவை. பல வருடமாக வராத பாக்கி முழுக்க வரும் ஆண்டில் வந்துவிடும் என்று எழுதினால் போதும், பட்ஜெட் நிமிர்ந்துவிடும். சில வருடம் உபரிகூடக் காட்டும். அந்த உபரியின் மேல் பூங்கா, நுழைவு வளைவு, சந்தைக்குப் புதுக் கூரை என்று அறிவிப்புகள் ஏறும். மன்றக் கூட்டத்தில் மேசையைத் தட்டுவார்கள். மறுநாள் பேப்பரில் வரும்.

நானும் அப்படி எழுதியிருக்கிறேன். யாரும் காசு எடுக்கவில்லை, தணிக்கையில் பெரிதாக எதுவும் வரவும் இல்லை. ஆனால் வராத வரவை நம்பி அறிவித்ததால், ஆகஸ்ட் செப்டம்பரில் கையில் இருக்கும் பணத்தை எதற்குக் கொடுப்பது என்ற கேள்வி வரும். அப்போது முதலில் வெட்டு விழுவது அறிவிப்புக்கு அல்ல, பராமரிப்புக்கு. அறிவித்ததைக் கவுன்சிலர் கேட்பார். தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு எரிந்துபோன காயில் கட்டவில்லை என்று மன்றத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

பட்ஜெட் புத்தகத்தைக் கையில் வாங்கியவர்கள் குறைவு. வாங்கினால் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே பொதுவாக நான்கு பத்திகள், அதாவது மேலிருந்து கீழாக நான்கு எண் வரிசைகள் இருக்கும். போன ஆண்டின் உண்மை வரவு செலவு, நடப்பு ஆண்டுக்கு முதலில் போட்ட மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. பேச்சு முழுக்கக் கடைசிப் பத்தியைப் பற்றித்தான். அது ஆசை. முதல் பத்திதான் நடந்தது. சாக்கடை தூர்வார போன ஆண்டு உண்மையில் எவ்வளவு போனது, தெருவிளக்குப் பராமரிப்புக்கு எவ்வளவு, பள்ளிக் கழிப்பறைக்கு எவ்வளவு என்று அங்கேதான் இருக்கிறது. கடைசிப் பத்தியில் முப்பது லட்சம், முதல் பத்தியில் நான்கு லட்சம் என்று ஒரே வரியில் பார்த்தால், அந்த ஊரில் வரும் மழைக்கும் தண்ணீர் நிற்கும் என்று வானிலை அறிக்கை இல்லாமலே சொல்லிவிடலாம்.

வரவுப் பக்கத்துக்கும் இதே வழிதான். வருவாய்ப் பிரிவில் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். எவ்வளவு கேட்டோம், எவ்வளவு வந்தது, எவ்வளவு நிற்கிறது. நடப்புக் கேட்பு தனி, பழைய பாக்கி தனி. பில் கலெக்டர்கள் நடப்பைத் துரத்துவார்கள், ஏனென்றால் அது வரும். பழைய பாக்கியில் பாதி கோர்ட்டில் இருக்கும், கொஞ்சம் அரசுக் கட்டடங்கள் மேல் இருக்கும், கொஞ்சம் இடித்துப்போட்ட வீட்டின் பழைய வரிவிதிப்பு எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கும். வராது என்று எல்லாருக்கும் தெரியும். தள்ளுபடி செய்யக் கையெழுத்துப் போட மட்டும் யாருக்கும் மனம் வராது.

சொத்து வரி ஏற்றியது பற்றி எல்லாருக்கும் கோபம் இருக்கிறது. எனக்கும் வீடு இருக்கிறது. ஆனால் கணக்குக்காரனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னை நீங்கலாக மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகு 2022 வரை சொத்து வரிச் சீராய்வு நிலைக்கவே இல்லை. 2018-ல் ஏற்றினார்கள். 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகக் கட்டியவர்களுக்கு வரும் அரையாண்டுகளில் சரிக்கட்டச் சொன்னார்கள். அந்தச் சரிக்கட்டலை வீடு வீடாகப் பதிவு செய்த மாதங்களை நான் மறக்க மாட்டேன். பிறகு 2022 ஏப்ரலில் மொத்தமாக வந்தது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குக் கீழ் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பதினாலு வருடம் டீசலும் சம்பளமும் ஏறின, வரி மட்டும் நின்றது. பிறகு பெரிய வீடுகளுக்கு ஒரே நாளில் இரட்டிப்பு. வருடா வருடம் கொஞ்சமாக ஏற்றுவது ஜனங்களுக்கும் நல்லது, கணக்குக்கும் நல்லது. ஆனால் தேர்தலுக்கு அது ஆகாது.

இதோடு ஒரு சின்னத் தகவல். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். இது தெரியாமல் மார்ச் 31 அன்று வரிசையில் நின்று சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர்.

நீங்கள் கட்டும் சொத்து வரி ஒரே பெட்டியில் விழுவதில்லை. நகராட்சியில் மூன்று நிதிக் கணக்குகள்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. வரி அவற்றுக்குள் பங்காகப் பிரியும். கூடவே ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டும். 1948-ம் வருடத்துப் பொது நூலகச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கையில் பணம் முடையாகும்போது முதலில் தள்ளிப்போடப்படுவது அந்தத் தொகைதான். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் புதுப் புத்தகம் இல்லை என்றால் நூலகரை மட்டும் திட்டாதீர்கள்.

இந்த மூன்றில் எப்போதும் மூச்சுத் திணறுவது குடிநீர் நிதி. குடிநீர் வடிகால் வாரியத்தின் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து தண்ணீர் வாங்கினால் ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம். அதை ஏற்றும் மோட்டாருக்கு மின்கட்டணம். பம்ப் ஆபரேட்டருக்குச் சம்பளம், குளோரின், வால்வு, உடைப்பு அடைப்பு. வீட்டில் வாங்குவதோ மாதத்துக்கு ஒரு நிலையான தொகை. மீட்டர் இல்லாத ஊரில், இரண்டு பேர் குடியிருக்கும் வீடும் மாடியில் நான்கு போர்ஷன் வாடகைக்கு விட்ட வீடும் ஒரே காசு. விழுகிற துண்டை வருவாய் மற்றும் மூலதன நிதியிலிருந்து கடனாக எடுத்து மூடுவோம். ஒரு சட்டைப் பையிலிருந்து இன்னொரு சட்டைப் பைக்கு. காகிதத்தில் அது கடன், திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

புது மேல்நிலைத் தொட்டி கட்டப் பணம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மத்திய அரசுத் திட்டம் ஒன்று, மாநிலத் திட்டம் ஒன்று, தொகுதி மேம்பாட்டு நிதி என்று வழிகள் இருக்கின்றன. அதை ஓட்டுகிற பணத்தைத்தான் எந்தத் திட்டமும் தராது. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரைக்குச் சிறு நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40-ல் சம்பளம், நிர்வாகச் செலவு கூடாது என்றது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) திட்ட நிதியில் அழகான பூங்கா வந்தது. நீரூற்று, நடைபாதை, வண்ண விளக்கு எல்லாம் இருந்தது. அடுத்த பட்ஜெட்டில் தோட்டக்காரருக்கும் நீரூற்று மோட்டாருக்கும் சேர்த்து நான் போட்ட தொகையை மன்றத்தில் குறைத்தார்கள். இரண்டாம் வருடம் நீரூற்றுத் தொட்டியில் கொசுப்புழு இருக்கிறது என்று எங்கள் சுகாதாரப் பிரிவே எங்களுக்கு அறிக்கை கொடுத்தது.

தமிழக நகராட்சிகள் 2000 வாக்கிலேயே இரட்டைப் பதிவுக் கணக்குக்கு மாறிவிட்டன. அந்த முறையில் தொட்டிக்கும் சாலைக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவோம். இருப்புநிலைக் குறிப்பில் அந்த எண் பளிச்சென்று நிற்கும். ஆனால் அதற்கு ஈடாக ஒரு ரூபாய்கூட வங்கியில் ஒதுக்கப்படுவதில்லை. தேய்கிறது என்று எழுதிவைக்கிறோம், அவ்வளவுதான்.

தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 250 வாட் சோடியம் விளக்கு இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஆயிரம் யூனிட்டைத் தாண்டும். அதே கம்பத்தில் 90 வாட் எல்.இ.டி. போட்டால் சுமார் 360 யூனிட். விளக்குக்கு 640 யூனிட் மிச்சம் என்றால் ஊர் முழுக்கப் பெரிய தொகை. அந்த மிச்சத்தில் ஒரு பங்கை உதிரிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தால், வாரண்டி முடிந்து, விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் போர்டு போகும்போது மாற்றலாம். பெரும்பாலும் அது மின்கட்டணப் பழைய பாக்கியில் கரைந்துவிடும். தெரு இருட்டாகும். உயர்கோபுர விளக்கு கேட்டு மனு வரும்.

சரி, மாநில அரசு தருவதில்லையா? தருகிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் ஊரகம், நகர்ப்புறம் சேர்த்து உள்ளாட்சிகளுக்கு என்பது பல ஆண்டு ஏற்பாடு. மாநில நிதி ஆணைய மானியம், எங்கள் பாஷையில் எஸ்.எஃப்.சி. மாதா மாதம் அதை எதிர்பார்த்துத்தான் சம்பளப் பட்டியல் நிற்கும். ஆனால் கணக்கில் ஏறுமுன்பே ஓய்வூதியப் பங்களிப்பு, பழைய கடன் தவணை, குடிநீர்க் கட்டண பாக்கி என்று மேலேயே பிடித்துக்கொள்வதுண்டு. மன்றத்தில் கேட்கப்படும் 'அரசு கொடுத்த பணம் எங்கே' என்ற கேள்விக்கு, வந்து சேராத பணத்தைப் பற்றி என்ன பதில் சொல்வது என்று பலமுறை விழித்திருக்கிறேன். தொழில் வரியும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது. 1988-ல் அரசியலமைப்பில் போட்ட உச்சவரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மன்றமே இல்லாமல் தனி அலுவலர்கள் ஆட்சி. ஆணையாளர் என்ற முறையில் அனுப்பும் கோப்பில் தனி அலுவலர் என்ற முறையில் அவரே ஒப்புதல் போடுவார். கேள்வியே இல்லாததால் வேலை வேகமாக முடிந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்தரை வருடத்தில் பட்ஜெட் புத்தகத்தை முழுசாகப் படித்தவர்கள் அதைத் தட்டச்சு செய்தவரும் நானும் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

2024-ல் காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை மாநகராட்சிகள் ஆயின. இன்னும் பல ஊர்களுக்கு அந்த ஆசை. பலகை மாறும், பதவிகள் கூடும், பக்கத்து ஊராட்சிகளையும் சேர்ப்பார்கள். சேர்க்கப்படும் ஊராட்சிக்காரர்களுக்கு ஊரக வேலை உறுதித் திட்டம் போகும், வரி ஏறும். அவர்கள் போராடுவதில் நியாயம் இருக்கிறது. புதிதாகச் சேரும் பகுதிக்குத் துப்புரவு வண்டியும் குடிநீர்க் குழாயும் வர எத்தனை வருடம் ஆகும் என்பதையும் அந்த முதல் பத்தியில்தான் தேட வேண்டும்.

பட்ஜெட் புத்தகம் கேட்டால் தர வேண்டும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். 'ஊழல் விவரம் தருக' என்று எழுதாதீர்கள், பதில் வராது. 'குடிநீர் வடிகால் நிதியில் மோட்டார் பழுதுபார்ப்புக்கு இந்த ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு' என்று கேளுங்கள். தப்பிக்க இடமில்லாத கேள்வி அது.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை நடக்கிறது. ஓய்வுக்குப் பிறகு எங்கள் வார்டில் நடந்த ஒரு சபைக்குப் போனேன். பள்ளி வராந்தாவில் முப்பது பேர் இருப்போம். கவுன்சிலர் புது மேல்நிலைத் தொட்டி வரப்போகிறது என்றார். சிலர் கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "டேங்க் வரட்டும் தம்பி. இருக்கிற மோட்டார் தீபாவளிக்கு முன்னால காயில் போச்சு. இன்னும் கட்டலை. புது டேங்க்குல யாரு தண்ணி ஏத்துவா?" என்று கேட்டார்.

அங்கிருந்த ஏ.இ. (உதவிப் பொறியாளர்) என்னைப் பார்த்தார். அந்தத் தலைப்புக்குத் திருத்திய மதிப்பீட்டில் குறைத்த தொகை எவ்வளவு என்று இருவருக்கும் தெரியும். குறைக்கும் குறிப்பை ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் எழுதியவன் நான்தான்.