வலி போய்விட்டது, முழங்கால் ஆறவில்லை

"வலியே இல்லை சார். நேற்று மைதானத்தில் ஓடிக்கூடப் பார்த்தேன்."

முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற ஜவ்வுக்கு (லிகமென்ட்) அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது மாதம் ஒரு கபடி வீரர், பிசியோவான என்னிடம் சொன்னது. மூன்று வாரத்தில் மாநில அணித் தேர்வு. அதில் இடம் பிடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும் என்று வீடே காத்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. வலி உண்மையிலேயே இல்லை. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது.

பாடிப் போனவர் நடுக்கோட்டை நோக்கிச் சட்டென்று திரும்பும்போது கால் மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் சுழலும். 'டப்' என்று ஒரு சத்தம். சில மணி நேரத்தில் முழங்கால் பந்துபோல வீங்கும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் இந்த ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். சுளுக்கு எடுப்பவரிடம் போய் இழுத்துவிடச் சொல்லாதீர்கள். (பிசியோவும் தைலம் தேய்ப்பவர்தானே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.)

அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்துக் கிழிந்த லிகமென்ட்டின் இடத்தில் பொருத்துவார்கள். அந்த நாணுக்குள் இரத்த ஓட்டம் ஏறி, அது மெல்ல லிகமென்ட்டாக மாற மாதக்கணக்காகும். தொடக்க மாதங்களில் பொருத்திய நாளைவிட அது பலவீனமாகவே இருக்கும். வீக்கமும் வலியும் வடிவதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 2016இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றின்படி, ஒன்பது மாதம் வரை களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம்படும் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது.

உலகின் சிறந்த வசதிகள் இருந்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோவுக்கு 1999 நவம்பரில் வலது முழங்கால் சில்லைப் பிடித்திருக்கும் தசைநாண் கிழிந்தது. ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 2000 ஏப்ரலில் லாசியோவுக்கு எதிராக இன்டர் மிலனின் மாற்று வீரராக இறங்கினார். பத்து நிமிடம் தாண்டவில்லை. யாரும் மோதாமலே விழுந்தார். இம்முறை நாண் முழுதாக அறுந்துபோனது. 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் அடித்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இடையில் போன காலத்தை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறப்பதில்லை.

என் வீரருக்கு வருவோம். தொடை வலுவை அளந்தேன்: நல்ல காலில் இருப்பதில் 71 சதவீதம். 90 ஆவது வேண்டும். "ஒரு ஊசி போட்டு ஆட வையுங்களேன்" என்றார் உடன்வந்த பயிற்சியாளர். ஸ்டீராய்டு ஊசி என்றால், மூட்டில் போடுவதும் 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது. தடை இல்லாவிட்டாலும் ஊசி தொடைக்கு வலுவைத் தராது. முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஒருவரின் வேலைவாய்ப்பைத் தள்ளிப்போடும் கையெழுத்து அது. அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

தேர்வு போய்விட்டது. இரண்டு வாரம் என் போனை அவர் எடுக்கவில்லை. பிறகு வந்தார், வாரம் நான்கு நாள். பத்தாவது மாதத்தில் ஒற்றைக்காலில் குதித்த தூரத்தில் இரண்டு கால்களுக்கும் மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம், சிரிக்காமல் கேட்டார்:

"இப்போதாவது கையெழுத்து போடுவீர்களா சார்?"