737க்கும் 738க்கும் நடுவே

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “ஏ.ஐ. செயலி தந்த மேற்கோளில் டி.ஓ.ஐ. எண் இருக்கிறது. சொடுக்கினால் பக்கமும் திறக்கிறது. அப்புறம் ஏன் என் நெறியாளர் திட்டுகிறார்?”

பக்கம் திறந்தது சரி. எந்தக் கட்டுரை திறந்தது?

டி.ஓ.ஐ. என்பது ஆய்வுக் கட்டுரைக்குத் தரும் நிரந்தர அடையாள எண். அது கட்டுரையின் பெயரைப் போன்றது, முகவரி அல்ல. பொதுப் பதிவேடு ஒன்றில் அந்த எண்ணுக்கு நேரே இன்றைய இணைய முகவரி எழுதப்பட்டிருக்கும். பதிப்பகம் தளத்தை மாற்றினால் அந்த வரியை மட்டும் திருத்தினால் போதும். பழைய மேற்கோள்கள் அப்படியே வேலை செய்யும்.

டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை வாட்சனும் கிரிக்கும் அறிவித்த 1953ஆம் ஆண்டு நேச்சர் ஆய்விதழ்க் கட்டுரையை எடுத்துக்கொள்வோம். அதன் டி.ஓ.ஐ. எண் 10.1038 என்று தொடங்கும். அது பதிப்பகத்துக்கு உரியது. சாய்கோட்டுக்குப் பின் 171737, கடைசியில் ஆங்கில எழுத்து ஏ, ஒரு பூஜ்யம். உற்றுப் பாருங்கள்: தொகுதி 171, பக்கம் 737! இப்போது 737ஐ 738 என்று தவறாகத் தட்டுங்கள். பிழைச் செய்தி வராது. அதே இதழில் அடுத்து வந்த வில்கின்ஸ் குழுவின் கட்டுரை சமர்த்தாகத் திறக்கும். 740 என்றால் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் காஸ்லிங்கும் எழுதியது.

ஆய்விதழ்களுக்கான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணில் இப்படி ஏமாற முடியாது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு அது. நேச்சரின் எண் 0028-0836. முதல் ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2ஆல் பெருக்கிக் கூட்டினால் 82. கடைசி இலக்கமான 6ஐச் சேர்த்தால் 88, அதாவது எட்டுப் பதினொன்று. சரியான எண் என்றால் இந்தக் கூட்டல் 11ஆல் வகுபட்டே ஆக வேண்டும். அந்த 6 இதற்காகவே வைத்த காவல்காரன். கைதவறி 83ஐ 38 என்று இடம் மாற்றினால் கூட்டல் 83 ஆகிவிடும், 11ஆல் வகுபடாது. 11 பகா எண் என்பதால், எந்த ஓர் இலக்கம் மாறினாலும் மீதி வந்தே தீரும். காவல்காரன் 10ஆக வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ போடுவார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் இவ்வளவு அழகு!

டி.ஓ.ஐ.யில் சாய்கோட்டுக்குப் பின் என்ன எழுதுவது என்பது பதிப்பகத்தின் விருப்பம். எனவே காவலும் கிடையாது. நாம்தான் சரிபார்க்க வேண்டும்: திறந்த பக்கத்தில் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மூன்றும் உங்கள் மேற்கோளோடு ஒத்துப்போகின்றனவா? கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாகக் குறிப்பு உள்ளதா? திரும்பப் பெற்ற கட்டுரைக்கும் எண் அப்படியேதான் இருக்கும்.

டி.ஓ.ஐ. இருந்தாலே தரமான கட்டுரை என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. கட்டணம் கட்டும் மட்டமான இதழும் அதை வாங்கிவிடலாம். காசில்லாத நல்ல சிற்றிதழ் வாங்காமலே இருக்கலாம்.

மேற்கோளில் எண்ணை முழு இணைப்பாகவே எழுதுங்கள். முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம். காப்பி செய்பவர் அந்தப் புள்ளியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனால், பதிவேடு கையை விரித்துவிடும்.